ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம்: ஒரு பாடம் எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மகனுக்கு மூன்றரை வயது. ஜூன் மாதத்திலிருந்து மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நான் படித்த பள்ளியின் கால அட்டவணைதான் என் மனத்தில் இருந்தது. ஆகவே தமிழுக்கு 40 நிமிடம், கணக்குக்கு 40 நிமிடம், ஆங்கிலத்துக்கு 40 நிமிடம், மாலையில் சூழ்நிலையியலுக்கு இன்னொரு 40 நிமிடம் என்று பிரித்து வைத்துக் கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அழுகையில் முடிகிறது. சென்ற வியாழக்கிழமை ழகரம் எழுதப் பழக்கினேன். முதல் வரியில் அவள் எழுதிய மூன்று எழுத்துகளும் அழகாக இருந்தன. நான் ஒரு பக்கம் முழுவதும் எழுதச் சொல்லியிருந்தேன். நான்காம் வரிக்கு வந்தபோது கீழே இறங்கும் சுழி காணாமல் போயிற்று. ஏழாம் வரியில் அது ழகரமா மகரமா என்றே தெரியவில்லை. நான் அழிக்கச் சொல்லச் சொல்ல அவளும் அழித்துக் கொண்டே இருந்தாள். கடைசியில் தாள் கிழிந்தது. ஒன்றும் பேசாமல் நோட்டை மூடி வைத்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து கொண்டாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

சிறு பிள்ளைகளுக்குப் பாடம் 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு தோழி கூறுகிறார். எங்கள் மாமனாரோ, இப்போதே பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம், இதில் பாட நேரத்தையும் குறைத்தால் பிள்ளை பின்தங்கிவிடுமே என்று உண்மையாகவே கவலைப்படுகிறார். அவருடைய கவலையை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. குறுகிய பாடங்களை நடத்திப் பார்த்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

இருவாட்சி:

சகோதரி, எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மூவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். அவன் ஆறு வயதில் இருந்தபோது நீங்கள் செய்ததையே நானும் செய்தேன் என்பதால் அந்த மேசையடி எனக்கு நன்றாகத் தெரியும்.

குறுகிய பாடம் என்ற முறையைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர். 1842-இல் பிறந்து 1923-இல் மறைந்தவர். இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதியில் உள்ள ஆம்பிள்சைடு என்ற ஊரில், சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பெண்களுக்காக 1892-இல் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். பெற்றோருக்காக அவர் ஆற்றிய உரைகள் 1886-இல் நூலாக வந்தன. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பாடமும் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றும், ஆறு வயதுக்கு முன் முறையான பாடமே வேண்டாம் என்றும் அவர் வற்புறுத்தினார். அவருடைய திட்டப்படி சிறு பிள்ளைகளின் பாடம் காலையிலேயே முடிந்துவிடும். பிற்பகல் முழுவதும் வெளியில் மரம், பூச்சி, ஓடை ஆகியவற்றோடு கழியும்.

நேரத்தைக் குறைக்கச் சொன்னதற்கு அவர் தரும் காரணத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பிள்ளை களைத்துவிடும் என்ற இரக்கத்தால் மட்டும் அவர் அவ்வாறு சொல்லவில்லை. முழுக் கவனத்தோடு ஒரு வேலையைச் செய்வது ஒரு பழக்கம் என்றும், அரைக் கவனத்தோடு நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதும் அதைப் போலவே பிள்ளைக்குப் படிந்துவிடும் ஒரு பழக்கம் என்றும் அவர் கருதினார். உங்கள் மகளின் முதல் மூன்று ழகரங்கள் கவனத்தோடு எழுதப்பட்டவை. மீதி எல்லாம் கவனமின்றி எழுதுவதற்கு அவள் பெற்ற பயிற்சி. கடுமையாகச் சொல்கிறேனே என்று வருந்த வேண்டாம். என் மகனுக்கு நான் ஓராண்டு முழுவதும் அந்தப் பயிற்சியைத்தான் கொடுத்தேன், அதை மாற்ற மேலும் ஓராண்டு ஆயிற்று.

நான் இப்போது எழுத்துப் பாடத்தில் நிமிடத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஆறு எழுத்து, நன்றாக எழுதினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறும் நன்றாக வந்துவிட்டால் நான்கு நிமிடத்திலேயே நோட்டை மூடிவிடுவோம்.

வைகறை:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் தந்தை. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை.

என் மகன் கட்டைகளை அடுக்கத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு ஆழமாக ஒன்றில் மூழ்கக்கூடிய பிள்ளையைக் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடத்தில் எழுப்பிவிடுவது சரியா? பள்ளிகளில் மணி அடித்தவுடன் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது பிடிக்காமல்தான் நாங்கள் வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுத்தோம். அதே மணியை வீட்டுக்குள் கொண்டுவந்து, இன்னும் அடிக்கடி அடிக்க வேண்டுமா?

இன்னொன்று, நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகளையும் கொஞ்சம் கவனமாக எடுத்துக் கொள்ள வேண்டும். பிரித்துப் படிப்பது நல்லது என்பதற்கு 1885-இல் வெளியான ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரின் சோதனைகளைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்துக் கொண்டவர். ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லி அடைந்த பயனை, மூன்று நாள்களாகப் பிரித்தபோது 38 முறையிலேயே அடைந்தார். ஆனால் அவர் வயது வந்தவர். 1978-இல் பேட்லி, லாங்மன் என்ற இருவர் பிரிட்டனின் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி அளித்துப் பார்த்தபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் மிகக் குறைந்த மொத்த மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பயிற்சி முடிய அவர்களுக்குத்தான் மிக அதிக நாள்கள் ஆயின. பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி அடைந்தவர்களும் அவர்களே. இவற்றை ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்று நினைக்கிறேன்.

சிலேட்டு:

நொய்யல்கரை அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். வீட்டுக் கல்வியைப் பற்றி எனக்கு அனுபவம் கிடையாது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஓரளவு தெரியும்.

குறுகிய பாடம் நமக்குப் புதியது அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான அட்டை முறைதான் அதற்கு அடிப்படை. 2007-08-இல் அது தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓர் அட்டையில் ஒரே ஒரு செயல். அதை முடித்த பிள்ளை தானே எழுந்து போய், ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, அடுத்த அட்டையை எடுத்து வரும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும்படி ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓர் இடம் இருக்கும். அந்த முறையில் குறைகள் இருந்தன; மேல் வகுப்புகளுக்கு அது போதவில்லை என்பது என் கருத்து. இருந்தாலும் ஒரு பிள்ளை ஒரு வேலையை எடுத்து, செய்து, முடித்து, நகர்ந்து போவதைப் பார்த்தபோதுதான் 40 நிமிடம் என்பது எங்கள் வசதிக்காக வகுத்த அளவு என்று எனக்குப் புரிந்தது. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்தால் அமைதிப்படுத்தவும், நோட்டை எடுக்க வைக்கவும், ஒவ்வொன்றையும் திருத்தவுமே பாதி நேரம் போய்விடும். ஒரு தாயும் ஒரு மகளும் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் அந்த 40 நிமிடத்துக்கு என்ன வேலை?

இனி எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ் எழுத்தைப் போலக் குறுகிய பாடத்துக்கு ஏற்றது வேறொன்று இல்லை. 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையை நாம்தான் மிரட்டுகிறோம். ட எழுதக் கற்றுக் கொடுங்கள், அடுத்த நாள் அதன் வலப்பக்கம் ஒரு கோடு ஏற்றினால் ப, பிறகு ம. இந்த மூன்றையும் புள்ளியையும் வைத்துக் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடலாம். ஒரு வாரத்தில், நாளுக்கு 10 நிமிடத்தில், பிள்ளை ஒரு சொல்லைத் தானே வாசித்துவிட்டதாக வீடெல்லாம் சொல்லிக் கொண்டு திரியும். ம எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ழகரத்தில் புதிதாகக் கற்க வேண்டியது கீழே இறங்கும் சுழி ஒன்றுதான். அந்தச் சுழியை மட்டும் விரலால் மணலில் பத்து முறை இழுக்கச் சொல்லுங்கள், பிறகு எழுத்தாக மூன்று முறை. அன்றைக்கு அவ்வளவு போதும்.

துணைக்கால், கொம்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக் கொள்வார்கள், ஏனென்றால் குறி மாறுவதில்லை. இடறும் இடம் உகரமும் ஊகாரமும்தான். அங்கே எல்லா மெய்க்கும் பொதுவான ஒரு குறி இல்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால் உகர எழுத்துகள் பதினெட்டும் மூன்று குடும்பங்களாகப் பிரியும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக் கொண்டு, நாளுக்கு ஒன்றோ இரண்டோ எழுத்து மட்டும் எழுத வைத்தால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பதினெட்டையும் ஒரே நாளில் வரிசையாக எழுதச் சொன்ன ஆண்டுகளில், தீபாவளி விடுமுறை முடிந்து வரும்போது பாதிப் பிள்ளைகள் மறந்துவிட்டிருப்பார்கள்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி ஐயா. உகரத்தில் மூன்று குடும்பங்கள் இருப்பதை இத்தனை ஆண்டு தமிழ் எழுதியும் நான் கவனித்ததில்லை. எழுதிப் பார்த்து, உண்மை என்று கண்டு, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். 15 நிமிடம் முடிந்த பிறகும் பாடம் பாதியில் நின்றால் என்ன செய்வது? அடுத்து, சின்னவன். அக்காவின் பென்சிலைப் பிடுங்காமல் அவனால் பத்து நிமிடம் இருக்க முடிவதில்லை.

இருவாட்சி:

பாதியில் நின்றால் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள், சகோதரி. மறுநாள் அங்கிருந்து தொடங்கலாம். அப்படி அடிக்கடி நேர்ந்தால் பாடத்தைப் பெரிதாகத் திட்டமிட்டுவிட்டோம் என்று பொருள். குறுகிய பாடத்தில் உழைப்பு பிள்ளைக்குக் குறைகிறது, தாய்க்குக் கூடுகிறது. 40 நிமிடம் இருந்தபோது நான் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பேன். 15 நிமிடம் என்றான பிறகு, இன்றைக்கு எந்த ஒரு செய்தி, அதற்கு எந்தப் பொருள் கையில் இருக்க வேண்டும் என்று முந்தைய இரவே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

கணக்கில் ஒரு நாளைச் சொல்கிறேன். ஏழு என்ற எண். ஏழு புளியங்கொட்டை மகளின் கையில். அவள் சிலவற்றை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையின் கீழே மறைப்பாள். வெளியே இருப்பதைப் பார்த்து உள்ளே எத்தனை என்று நான் சொல்ல வேண்டும். பிறகு நான் மறைப்பேன், அவள் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை வேண்டுமென்றே தவறாகச் சொன்னேன். சிரட்டையைத் தூக்கி, மூன்று கொட்டைகளையும் ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து, நான்கும் மூன்றும்தான் ஏழு அம்மா என்று பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைய பாடம் 11 நிமிடம். ஒரு கணக்குகூட எழுதவில்லை.

வரிசையும் முக்கியம். கணக்கை அடுத்து எழுத்து வந்தால் இரண்டிலும் பிள்ளை குனிந்தே இருக்க வேண்டும். நாங்கள் காலை 9 மணிக்குக் கணக்கு 15 நிமிடம், பாட்டு 5 நிமிடம், எழுத்து 10 நிமிடம், வாசிப்பு 15 நிமிடம் என்று வைத்திருக்கிறோம். பிறகு 15 நிமிடம் வாசலில் ஓட்டம். திரும்பி வந்து, கதையோ விலங்கு, செடி பற்றிய பகுதியோ நான் ஒரே ஒரு முறை வாசிப்பேன். அதை அவள் தன் சொற்களில் திருப்பிச் சொல்வாள். இரண்டாம் முறை வாசிக்க மாட்டேன் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பது மிகவும் அவசியம். இன்னொரு முறை வாசிப்பார்கள் என்று தெரிந்தால் முதல் முறை காது கொடுக்காது. இதற்கு 15 நிமிடம். பத்தரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சின்னவனுக்கு முதல் பத்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். அவனுக்கு ஒரு கதை சொல்லி, வயிறும் மனமும் நிறைந்த பிறகு, ஒரு தட்டில் அரிசி மாவையோ ரவையையோ பரப்பிக் கொடுத்தால் அக்கா எழுதும்போது அவனும் விரலால் கோடு இழுப்பான். மாவு சிந்தும். பரவாயில்லை.

வைகறை அவர்களுக்கு ஒரு சொல். உங்கள் மகன் கட்டை அடுக்குவது பாடம் அல்ல. அது அவனாகத் தேர்ந்தெடுத்த வேலை. அதில் யாரும் குறுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான் பாடத்தைக் காலையில் சுருக்கி முடிக்கச் சொல்கிறோம். நாம் தேர்ந்தெடுத்து அவன் முன் வைக்கும் வேலைக்கு மட்டுமே கடிகாரம். நாள் முழுவதும் பாடம் இருந்தால் ஒன்றரை மணி நேரம் கட்டை அடுக்க அவனுக்கு நேரம் ஏது?

கடற்காற்று:

சிங்கப்பூரில் வசிக்கும் தாய் நான். இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் இருப்பதால், வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையும் எழுத வேண்டும். அந்தத் தேர்வில் ஒரு தாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும். 15 நிமிடத்திலேயே எழுந்து பழகிய பிள்ளை அங்கே எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதே என் அச்சம். இந்தியாவில் இருக்கும் உங்கள் பிள்ளைகளும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக என்றாவது பொதுத்தேர்வு எழுதத்தானே வேண்டும்?

இருவாட்சி:

நியாயமான அச்சம். எங்கள் மூத்தவனும் பதினான்கு வயது நிறைந்த பிறகு அந்தத் தேர்வைத்தான் எழுதப் போகிறான். 15 நிமிடம் என்பது வாழ்நாள் அளவு அல்ல. மேசனின் திட்டத்திலேயே ஒன்பது வயதுக்கு மேல் பாடம் 30 நிமிடம் வரையிலும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் ஏறக்குறைய 45 நிமிடம் வரையிலும் நீளும். எங்கள் வீட்டில் எட்டரை வயதில் கணக்கை 20 நிமிடமாகவும், பத்து வயதில் 30 நிமிடமாகவும் உயர்த்தினோம். இப்போது மூத்தவன் 50 நிமிடம் தலை நிமிராமல் கணக்குப் போடுகிறான். நீண்ட நேரம் உட்காரும் திறனை நான் தனியாகப் பழக்கவில்லை. ஆனால் உங்களைப் போல் தேர்வுத் தேதி முன்பே தெரிந்திருந்தால், கடைசி ஓராண்டில் வாரம் ஒரு முழுத் தாளையாவது அமர்ந்து எழுத வைப்பேன்.

வைகறை:

கட்டைக்கும் பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் பிரித்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன், அதை ஏற்கிறேன். நேற்று எழுத்துப் பாடத்தை 8 நிமிடத்தில் நிறுத்தியபோது மகன் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சைக் கேட்டபோது, இத்தனை நாள் அவன் எவ்வளவு பொறுத்துக் கொண்டிருந்தான் என்று எண்ணி எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆனாலும் ஒரு விதிவிலக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிய ஒன்று பிள்ளைக்குப் புரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டிலக்கக் கூட்டலில் பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டு செல்வது அவனுக்கு 17-ஆம் நிமிடத்தில்தான் புரிந்தது. கண்கள் விரிந்தன, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவனே கேட்டான். 25 நிமிடம் ஆயிற்று. நான் நிறுத்தவில்லை.

சிலேட்டு:

நானும் நிறுத்தியிருக்க மாட்டேன். பிள்ளை கேட்பதும் நாம் திணிப்பதும் வேறு. ஆனால் பிள்ளை இன்னும் ஒன்று கேட்டால் இரண்டு கொடுங்கள், பத்து கொடுக்காதீர்கள். ஆசை மிச்சம் இருக்கும்போது நிறுத்தினால் மறுநாள் பிள்ளை தானாக நோட்டை எடுத்து வந்து நிற்கும். இது வகுப்பறையில் நான் பலமுறை கண்டது.

நொய்யல்கரை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் வாரம் எனக்குத்தான் கடினமாக இருந்தது. பத்தரை மணிக்குப் பாடம் முடிந்ததும் ஏதோ கடமையில் தவறியது போன்ற உணர்வு. இரண்டு முறை பிற்பகலில் திரும்பவும் நோட்டை எடுத்து வைத்தேன்; இரண்டு முறையும் அழுகைதான். அதன் பிறகு விட்டுவிட்டேன். கணக்கும் எழுத்தும் நன்றாகப் போகின்றன. உகரத்தில் இரண்டு குடும்பங்கள் முடிந்தன. ஆங்கில வாசிப்பில் மட்டும் இன்னும் முன்னேற்றம் இல்லை. 10 நிமிடமாகக் குறைத்தும் அவளுக்கு அதில் விருப்பம் வரவில்லை. தமிழ் வாசிப்பு உறுதிப்படும் வரை ஆங்கிலத்தைத் தள்ளி வைக்கலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கிறேன்.

மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும் பாடத்தை அவரிடம் சொல்லும்படி மகளிடம் கூறினேன். சென்ற வாரம் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பற்றி ஒரு பக்கம் வாசித்திருந்தேன். அவள் தாத்தாவின் நாற்காலிக்கு எதிரே நின்று, கூட்டின் வாசல் கீழ்நோக்கி இருப்பதையும், ஆண் குருவிதான் கூட்டைக் கட்டும் என்பதையும், பெண் குருவிக்குப் பிடித்தால்தான் குடித்தனம் என்பதையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். பாடம் எத்தனை நிமிடம் என்று அவர் அன்று கேட்கவில்லை. மறுநாள் காலை இருவரும் கூடு பார்க்க நடந்து போனார்கள், ஒரு பழைய கூட்டை எடுத்து வந்தார்கள். அது இப்போது வரவேற்பறையில் தொங்குகிறது.

ழகரத்தை மணலில் எழுதியது பலன் தந்தது ஐயா. ஆனால் எழுதும்போது சரியாக வருகிற ழ, பேசும்போது ளகரமாகிவிடுகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

சிலேட்டு:

மகிழ்ச்சி அம்மா. ஒலிக்குத் தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்திக் காற்றை விடச் சொல்லுங்கள். தொட்டால் ள, தொடாவிட்டால் ழ. கண்ணாடி முன் நிறுத்தி, வாழை, மழை, குழல் என்று மூன்று சொல் மட்டும், பல் துலக்கிய பிறகு, நாளுக்கு இரண்டு நிமிடம். முதலில் அவள் அம்மாவின் நாக்கைப் பார்க்கட்டும். ஆங்கிலத்தைத் தள்ளி வைக்க யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஆங்கிலக் கதையைக் காதால் கேட்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.